கைநாட்டும் இல்லாதவள்

என் தங்கை போராடி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நகம் அழகு செய்கிற கடையில் ஜன்னலோர நாற்காலி. அந்தக் கடைக்கு ஒரு சூட்டுப்பெட்டி. நகவெட்டி, கத்தரி, தோல் தள்ளுகிற கம்பி எல்லாம் அதற்குள் போய் வெந்து வந்தால்தான் அடுத்தவர் விரலைத் தொடும். ஒருவர் நகத்தைத் தேய்த்த ஃபைலை அவர் கண் முன்னாலேயே இரண்டாக ஒடித்துப் போடும் உரிமை. சர்க்கரை வியாதிக்காரர்கள் காலில் கத்தி படக்கூடாது என்கிற சட்டம். அரசாங்கம் போட்டதல்ல, அவள் போட்டது. மருந்து நெடி இல்லாமல் உட்கார்ந்து சாப்பிட ஒரு மூலை. இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த ஓர் அறையின் சாவி. 'வெந்நீர்' என்ற பெயர். அந்தப் பெயரை எழுதத் தெரிந்த கை.

ஒன்றும் சும்மா கிடைக்கவில்லை. இன்றைக்கு மிச்சம் இருப்பது கடைசி இரண்டும்தான்.

அப்பாவும் அம்மாவும் கட்டட வேலைக்காரர்கள். ஒரு கட்டடம் எழுந்து நின்றதும் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார்கள். என்னைச் சித்தி வீட்டில் விட்டார்கள். எட்டாவது வரை படித்தேன். அவள் கைக்குழந்தை, அதனால் கூடவே போனாள். பிறகும் அப்படியே போய்க்கொண்டிருந்தாள். எதுவரைக்கும் படிச்சிருக்கே என்று யாராவது கேட்டால், "நாலாவது மாடி வரைக்கும்" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அதற்காகத்தான் அப்படிச் சொல்வாள்.

எனக்குத் துணி பிடித்துத் தைக்கிற சின்னக் கடை. இடுப்பைக் குறைப்பது, கையை நீட்டுவது, ஜிப் மாற்றுவது. ஒரு நூல் அளவு பிசகினாலும் பிரித்துத் தைப்பேன். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே அம்மாவின் காலால்தான். சிமெண்ட் குழைத்துக் குழைத்து அம்மாவின் பாதம் காய்ந்த மரப்பட்டை மாதிரி ஆகியிருந்தது. சர்க்கரை வேறு. உறவில் ஒரு கல்யாணம் வந்தது. அம்மாவின் காலை ஒரு தடவையாவது யாராவது பிடித்துக் கழுவிவிட வேண்டும் என்று தங்கைக்கு ஆசை. மின்னுகிற பலகை வைத்த ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள். தொட்டித் தண்ணீரில் நீல விளக்கெல்லாம் எரிந்ததாம். அம்மா கூச்சத்தில் காலை உள்ளே வைக்கவே யோசித்தாளாம். பெருவிரல் நகத்தின் ஓரத்தில் கத்தி லேசாகப் பட்டது. எறும்பு கடித்த மாதிரி இருக்கு, அவ்வளவுதான் என்று அம்மா சொன்னாள். முதலில் அந்த விரல் போனது. அடுத்துப் பாதம் போனது. பிறகு அம்மாவே போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்தபின் தங்கை அந்தக் கடைக்குத் திரும்பிப் போனாள். சண்டை போட அல்ல. தொட்டியின் அடியில் இருக்கும் வலையைத் தூக்கிக் காட்டச் சொன்னாள். அதில் முடி இருந்தது, தோல் இருந்தது, பூச்சு போகாத யாரோ ஒருவரின் நகத்துண்டும் இருந்தது. அது சிவப்புப் பூச்சு என்பதைக் கூட என்னிடம் சொன்னாள். சுவரில் கண்ணாடி போட்டு ஏதோ சான்றிதழ் மாட்டியிருந்தார்களாம்.

"படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு அதுல என்னக்கா எழுதியிருக்கும்?" என்று கேட்டாள்.

சுத்தமான கடை என்று எழுதியிருக்கும் என்றேன். அடுத்த மாதமே ஒரு நகக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். திருடனைப் பிடிக்க அவன் வீட்டிலேயே வேலைக்குப் போறாளே உன் தங்கச்சி என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். அவர் வண்டி ஓட்டுகிறவர், வாய் சும்மா இருக்காது.

முதல் இரண்டு கடைகளில் அவள் நிலைக்கவில்லை. அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். வேலை கேட்கும் முன்னால் வாடிக்கையாளர் மாதிரி போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாள். அவள் கடை பார்க்கிற விதத்தை நான் மற்றவர்களுக்கும் சொல்வதுண்டு. உள்ளே நுழைந்ததும் மூக்கை நம்ப வேண்டும்; கண் எரிந்தால் திரும்பிவிட வேண்டும். வாசனைத் திரி கொளுத்தி வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் திரும்ப வேண்டும், எதையோ மூடுகிறார்கள். கருவி வைத்த உறையை நம் கண் முன்னால் கிழிக்க வேண்டும். ஃபைல் புதிதாக இருக்க வேண்டும். தொட்டியின் வலையைத் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். அவர்கள் வலையைத் தூக்கவில்லை என்றால் நாம் காலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். சான்றிதழை அவள் படிக்க மாட்டாள், அதன் சட்டத்தின் மேல் தூசி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். எல்லாவற்றுக்கும் கடைசியில் வேலை செய்கிற பெண்ணைப் பார்க்க வேண்டும் என்பாள். அவள் கை வெடித்திருக்கிறதா, அவள் இருமுகிறாளா? தினமும் அங்கே உட்காருகிறவளுக்கே அந்தக் காற்று ஆகவில்லை என்றால் அந்தக் கடை ஆகாது.

அப்படிப் பார்த்துத்தான் மூன்றாவது கடையில் சேர்ந்தாள். அங்கும் குறை இருந்தது, ஆனால் முதலாளியம்மாவிடம் பேச முடிந்தது. சூட்டுப்பெட்டி வாங்கும் வரை என் தங்கை பின்பக்கம் அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒவ்வொருவர் எழுந்ததும் கருவிகளை அதில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டமான ஒரு நாளில் முதலாளியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"வந்தவங்க எல்லாம் கால்ல வெந்நீர் ஊத்திக்கிட்டு நிக்கிறாங்க. நீ கம்பிக்கு வெந்நீர் ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கே."

கடையே சிரித்தது. அன்றிலிருந்து அவள் வெந்நீர். திட்டாக வந்த பெயர் கொஞ்ச காலத்தில் மரியாதையாகிவிட்டது. "வெந்நீர் இருக்காங்களா, அவங்க இருந்தாத்தான் வருவேன்" என்று போனில் கேட்க ஆரம்பித்தார்கள். முதலாளியம்மா சூட்டுப்பெட்டி வாங்கியது அதற்குப் பிறகுதான்.

அவளைத் தேடி வந்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற தாதி, கடையில் எல்லோருக்கும் அவர் சர்க்கரையம்மா. தன் வியாதியைத் தானே வாசலில் அறிவித்துக்கொண்டு வருவதால் வந்த பெயர். தங்கை அவர் காலைக் கழுவி, ஈரம் துடைத்து, நகத்தை நேராக வெட்டி, ஓரத்தைத் தொடாமல் விட்டுவிடுவாள். இதுக்கு நான் வீட்டுலயே வெட்டிக்கலாமே என்பார் அவர். வெட்டிக்கோங்க, உங்க முதுகு வளைஞ்சா என்பாள் இவள். கடை பார்க்கிற சாத்திரம் முழுவதையும் சர்க்கரையம்மாவுக்கு இவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவரும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூவேலையிலும் அவள் கை நல்ல கை. மயிர் மாதிரி மெல்லிய தூரிகையால் விரல் நகத்தில் இலை, கொடி, புள்ளி என்று போடுவாள். எழுத்தும் போடுவாள், அது எழுத்து என்று தெரியாமலே. ஒரு கல்யாணப் பெண் மாப்பிள்ளை பெயரை மோதிர விரலில் எழுதச் சொல்லி போனை எதிரில் வைத்தாள். வெந்நீர் தூரிகையைத் தொட்டுக்கொள்வதற்குள் திரை மாறிவிட்டது. தெரிந்ததை அப்படியே நகத்தில் இறக்கினாள். உலர்ந்த பிறகு அந்தப் பெண் விரலைத் தூக்கிப் பார்த்தாள். 'சார்ஜ் இல்லை' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. பெண்ணின் அம்மா கத்தப் போனாள். பெண் சிரித்து முடிக்கவே வெகு நேரம் ஆனது. இருக்கட்டும்மா, அவருக்கு இதுதான் பொருத்தம் என்று அப்படியே போய்விட்டாளாம்.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று என்னால் சொல்ல முடியாது. செயற்கை நகம் ஒட்டுகிற வழக்கம் பரவிய பின் ஆரம்பித்தது என்று மட்டும் தெரியும். அதைத் தேய்க்கும்போது மாவு மாதிரி தூள் பறக்கும். ஒட்டுகிற மருந்துக்கும் கழற்றுகிற மருந்துக்கும் தனித்தனி நெடி. முகமூடி கேட்டாள், முதலாளியம்மா வாங்கித் தந்தார். ஜன்னலோர நாற்காலி கேட்டாள், அதையும் தந்தார். காற்றை வெளியே தள்ளுகிற விசிறி கேட்டபோதுதான், குளிர்சாதனத்தைப் போட்டுட்டு ஓட்டையும் போடவா என்றார். அந்த ஜன்னலும் திறக்காத ஜன்னல், வெறும் கண்ணாடி. முதலாளியம்மா கெட்டவர் அல்ல. அவர் கடை, வந்து ஒரு மணி நேரம் உட்காருகிறவருக்கு நல்ல கடை. நாள் முழுக்க உட்காருகிறவளைப் பற்றி அந்தத் தொழிலில் யாரும் யோசிக்கவில்லை.

"எனக்குன்னு ஒரு ரூம் வேணும்க்கா. எதிர் எதிரா ரெண்டு ஜன்னல். ஒரே ஒரு நாற்காலி. ஒட்டு நகம் கிடையாது. வர்றவங்களுக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது, எனக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது."

அவளுக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான். அந்த அறையைத் தேடி எத்தனை மாடி ஏறியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் பூட்டுக்கடை ஒன்றின் மாடியில் கிடைத்தது. பூட்டுக்கடைக்காரரே அறைக்கும் சொந்தக்காரர். அவர் நீட்டிய தாளில் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தாள். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. அதில் ஒரு கோடு கூட இல்லை என்பதை அன்று நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. சுவருக்கு வெள்ளை அடித்தாள். சின்ன சூட்டுப்பெட்டி வாங்கினாள். ஜன்னலுக்குத் திரை நான் தைத்தேன். காற்றைத் தடுக்காத மெல்லிய துணி, அடியில் பட்டை வைத்து மடித்தது.

கடை திறக்க அனுமதி வேண்டும். அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நடுவயதுக்காரர், பொறுமைசாலி. உங்க ஃபைல் எங்கம்மா என்று கேட்டார்.

"ஒவ்வொருத்தருக்கும் புதுசுதான் சார். வேலை முடிஞ்சதும் ஒடிச்சுப் போட்டுருவேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த காகிதக் கட்டை அவசரமாக நீட்டினேன். பிறகு விஷயம் புரிந்து அவரும் சிரித்தார், அவளும் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி நின்றது.

விரலை வைக்கச் சொல்லி ஒரு சின்ன இயந்திரத்தைத் தள்ளினார். கட்டைவிரல் வைத்தாள். சிவப்பு விளக்கு. அடுத்த கை. சிவப்பு. அவர் தன் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். அவள் தன் விரலைப் புடவையில் துடைத்தாள். பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. அவர் அவள் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, ரேகையே இல்லையேம்மா என்றார். வேறு யாரோ திருடிக்கொண்டு போனதைச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

"இருந்துச்சு சார். தேய்ஞ்சு போச்சு."

கழற்றுகிற மருந்தும் தூளும் சேர்ந்து செய்த வேலை. மற்றவர்கள் நகத்தைப் பிடித்துத் தேய்க்கும்போது இவள் விரல் நுனியும் கூடவே தேய்ந்திருக்கிறது. அப்படியானால் கையெழுத்துப் போடுங்கள், அது எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் சரி என்றார் அவர். கூடவே டாக்டரிடம் ஒரு உடல்நலச் சான்றும் வாங்கி வரச் சொன்னார். ஆள் தொட்டுச் செய்கிற தொழில் என்பதால் அது கட்டாயமாம்.

படிக்கட்டில் இறங்கும்போது அவள் நின்றாள். மூச்சுக்காக நின்றாள் என்றுதான் நினைத்தேன்.

"படிக்காதவங்களைக் கைநாட்டுன்னு திட்டுவாங்களே அக்கா. எனக்கு இப்போ அந்தத் தகுதியும் இல்ல."

வீட்டுக்கு வந்ததும் அவளுடைய முழுப்பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். பார்த்தாள். இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட அம்மாவும் அப்பாவும் இல்லை, இப்போது யார் கூப்பிடுகிறார்கள் என்றாள். வெந்நீர் என்று எழுதிக் கொடு, அதைத்தான் நான் சம்பாதித்தேன் என்றாள். எழுதிக் கொடுத்தேன். பேனா அவள் கையில் நிற்கவில்லை. நான் விரலைப் பிடித்துக் காட்டப் போனதற்கு, நீ போய் ஜிப்பைத் தை என்று விரட்டிவிட்டாள். தன் தூரிகையை எடுத்தாள். பழகுவதற்கென்று பிளாஸ்டிக் நகங்கள் ஒட்டிய பட்டை ஒன்று வைத்திருந்தாள். அதில் ஒரு நகத்துக்கு ஒரு எழுத்தாகத் தீட்ட ஆரம்பித்தாள்.

அவளுக்கு வந்த சந்தேகங்கள் எனக்கு எட்டாவது வரைக்கும் வந்ததில்லை. கொம்பு பற்றிக் கேட்டாள்: "வாயில பின்னால வர்ற சத்தத்தை எழுதும்போது மட்டும் ஏன் முன்னால போடணும்?" முதலாளிகள் மாதிரி போலிருக்கு, வேலை செய்யறது பின்னால, நிக்கிறது முன்னால என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள். நடுவில் எதற்கு இரண்டு 'ந' என்று அடுத்த கேள்வி. என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: ஒண்ணு போட்டா வெதுவெதுப்பாத்தான் இருக்கும், கொதிக்கணும்னா ரெண்டு போடணும்.

அவள் நன்றாகச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

நகத்திலிருந்து தாளுக்கு எழுத்து இறங்கியது. டாக்டரிடம் போகலாமா என்று கேட்கும்போதெல்லாம் கையெழுத்து முதல்ல நிக்கட்டும் என்பாள். எழுத்து நின்றுவிட்டது என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஒரு நாள் காலை சர்க்கரையம்மா புது அறையைப் பார்க்க வந்தார். மாடி ஏறி வந்த களைப்பில் வாசலில் நின்றே மூக்கை உறிஞ்சினார். வாசனை எதுவும் இல்லை என்றார். தொட்டியின் வலையைத் தூக்கு என்றார்; தங்கை தூக்கிக் காட்டினாள். உறை, சூட்டுப்பெட்டி, ஃபைல் என்று ஒவ்வொன்றாகப் பரீட்சை வைத்தார். மாட்டுவதற்குச் சான்றிதழ் இன்னும் வரவில்லை, அதனால் வெறும் ஆணியின் மேல் விரலைத் தடவிப் பார்த்தார். எல்லாம் விளையாட்டுத்தான். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். தங்கை குனிந்து அந்தக் காலை மடியில் வைத்தாள். அப்போது இருமல் வந்தது.

நின்றுவிடும் என்று நினைத்தோம். நிற்கவில்லை. அவள் அந்தப் பாதத்தை மெதுவாகத் துண்டில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன. காற்று வந்துகொண்டுதான் இருந்தது.

சர்க்கரையம்மா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"உன் கடையில ஒரு குறையும் இல்ல, கண்ணு. கடைசியா ஒண்ணு பாக்கச் சொல்வியே. அதை நான் பாத்துட்டேன்."

கோபமில்லாமல், தாதி வேலை பார்த்த குரலில் சொன்னார். டாக்டர் பெயரையும் சொன்னார். படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். பின்னால் நான் இறங்கினேன், அதனால் தெரியும்.

டாக்டர் குழாயில் ஊதச் சொன்னார், படம் எடுத்தார், இன்னொரு தடவை ஊதச் சொன்னார். அவருக்கு இது புதிதல்ல என்று முகத்திலேயே தெரிந்தது. சான்று தர முடியாது என்றார். தங்கை தன் அறையைப் பற்றிச் சொன்னாள். இரண்டு ஜன்னல், எதிர் எதிராக. ஒட்டு நகம் கிடையாது. மெல்லிய திரை. ஒவ்வொன்றாகச் சொன்னாள், குழந்தையைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அவர் முழுவதையும் கேட்டார்.

"அப்படி ஒரு ரூம்ல நீங்க முதல் நாளே வேலைக்கு உக்காந்திருக்கணும்மா."

முகமூடி போட்டுக்கொண்டால் என்று கேட்டாள். முகமூடி போட்டுத்தானே இதுவரைக்கும் வந்திருக்கிறீர்கள் என்றார். உள்ளே தழும்பாகிவிட்ட இடம் திரும்பி வராது. இனி அந்தத் தூளும் நெடியும் கொஞ்சம் கூட ஆகாது. மருந்து எழுதினார். மூச்சுக்கு இழுக்கிற ஒரு சின்னக் குப்பியையும் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். தங்கை அதை வாங்கி, வாயில் படுகிற பாகத்தை எப்படிச் சுத்தம் செய்வது என்றுதான் முதலில் கேட்டாள்.

இப்போது என் வீட்டில் இருக்கிறாள். துணித்தூசி ஆகாது, அதனால் என் கடைப் பக்கம் வர முடியாது. முதலாளியம்மா ஒரு தடவை பழம் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த நாற்காலியில் இப்போது வேறு ஒரு பெண் உட்காருகிறாள் என்றார். அவள் ஃபைலை ஒடிக்கிறாளா என்று தங்கை கேட்டாள். முதலாளியம்மா பழத்தை எங்கே வைப்பது என்று தேடினார். அந்தப் பெண் முகமூடியாவது போடுகிறாளா என்று கேட்க வாயெடுத்து, தங்கை கேட்காமல் விட்டாள்.

அறையை ஒப்படைக்கப் போன நாளில் திரையை அவளே கழற்றி மடித்தாள். சூட்டுப்பெட்டியைத் துடைத்து மூடினாள். அதில் ஒரு கருவி கூட வேகவில்லை. ஆணியைப் பிடுங்க வேண்டாம் என்றேன், யாராவது படம் மாட்டிக்கொள்வார்கள். தொட்டியின் வலையைக் கடைசியாக ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

கீழே பூட்டுக்கடைக்காரர் தாளை எடுத்து வைத்தார். அறையைக் காலி செய்து சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், இனி ஒருவருக்கொருவர் பாத்தியம் இல்லை என்று அதில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன். அவர் மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். முன்பு அப்படித்தானே வைத்தாள், அந்த ஞாபகம்.

"பேனா குடுங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் தூரிகை பிடிக்கிற மாதிரிப் பிடித்தாள். சுண்டுவிரலைத் தாளில் ஊன்றிக்கொண்டாள், கை நடுங்காமல் இருக்க. முதலில் கொம்பு. பிறகு மற்றதெல்லாம், இரண்டு 'ந'வும் சேர்த்து, மேலே வைக்க வேண்டிய புள்ளிகளோடு. அனுமதி வாங்கும் தாளுக்காகப் பழகிய எழுத்து அது. எழுதி முடித்ததும் குனிந்து, பூச்சு உலர ஊதுவது போல அதன் மேல் மெதுவாக ஊதினாள். அந்த மூச்சுக்கே இருமல் வந்துவிட்டது. தாள் நனையாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பூட்டுக்கடைக்காரர் காத்திருந்தார். பிறகு தாளைத் தன் பக்கம் திருப்பி, கையெழுத்துக்குக் கீழே தேதி போட்டார்: 2019 பிப்ரவரி 19, செவ்வாய்க்கிழமை.